பொருள்: மறு: "வார்ம்" ஒலிக்கு "வெம்மை" வேண்டாம் – கனிவு, பிசிறு

நண்பர்களுக்கு வணக்கம்.

> ஆம்ப்ளிஃபயர் ஒலியை விவரிக்க, வார்ம் = வெம்மை, பிரைட் = ஒளிர்வு என்று வைத்துக்கொள்ளலாமா?

வெம்மை வேண்டாம். "செவி குளிரக் கேட்டேன்" என்பது நம் பாராட்டு. இந்த மொழியில் ஓர் ஆம்ப் வெம்மையாக ஒலிக்கிறது என்றால், வாங்க வந்தவர் அது சூடேறிப் புகைகிறது என்றுதான் நினைப்பார்.

சொல் தேடும் முன் அந்த ஒலி எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். 300பி போன்ற ஒற்றை டிரையோடு (மூன்று மின்முனை வெற்றிடக் குழல்) வால்வு ஆம்புகளைத்தான் பெரும்பாலும் வார்ம் என்கிறார்கள். அவற்றின் திரிபில் (மூலத்தில் இல்லாமல் ஆம்ப் சேர்ப்பதில்) மேலோங்கி நிற்பது இரண்டாம் சீரிசை, அதாவது மூல ஒலியின் இருமடங்கு அதிர்வெண். மூல ஒலி சட்ஜம் என்றால் அது மேல் சட்ஜம். ஒலியோடு ஒட்டிக்கொள்ளும், தனியாகத் துருத்தாது. கூடவே, பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பித் திரிபைக் குறைக்கும் முறை) இல்லாத இந்த ஆம்புகளின் வெளியீட்டு மின்தடை அதிகம். அதனால் ஸ்பீக்கரின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) எங்கே ஏறுகிறதோ அங்கே ஒலியும் சற்று ஏறும். பல ஸ்பீக்கர்களில் அது கீழ்க்குரல் பகுதியில் நடக்கிறது. குரல் தடித்து, பழுத்து வரும். கச்சேரி கேட்பவர்கள் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: கனிந்த நாதம். ஆகவே கனிவு.

கனிவு மனிதரின் குணமல்லவா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். குரலுக்கும் அதைச் சொல்கிறோமே, ஆம்புக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் வரையறையில் எழுதிவைக்க வேண்டும்: கனிவு என்பது ஆம்ப் தானாகச் சேர்ப்பது, பதிவில் இருந்ததல்ல. கேட்க இனிமைதான், ஆனாலும் அது திரிபே.

இதைவிட அவசரமாக எனக்குப் படுவது இன்னொரு சொல். பி வகுப்பு ஆம்பில் அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. பயாஸ் (டிரான்சிஸ்டரை எப்போதும் சற்றே இயங்கவைக்கும் மின்னோட்டம்) சரியாக இல்லாவிட்டால் கைமாறும் இடத்தில், அதாவது அலை சுழியை (பூஜ்யத்தை) கடக்கும்போது, இரண்டுமே சற்று நேரம் வேலை செய்யாது. அந்த முறிவிலிருந்து 5, 7, 9 என்று உயர் சீரிசைகள் கிளம்பும். ஏழாவது, கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே, எந்த ஸ்வரத்திலும் சேராமல் நிற்கும். ஒலி குறையக் குறைய இந்த முறிவின் பங்கு கூடிக்கொண்டே போகும். முழுத் திறனில் 0.05% திரிபு என்று விளம்பரத்தில் போட்ட ஆம்பிலும், தம்புரா மட்டும் மெல்ல ஒலிக்கும் இடத்தில் மணல் உரசுவது போலக் கேட்கலாம். பாடகரின் குரலில் இது வந்தால் "பிசிறு தட்டுது" என்போம். ஆம்புக்கும் அதே சொல்: பிசிறு.

இரண்டையும் "மொத்தச் சீரிசைத் திரிபு" என்ற ஒரே சதவீதத்துக்குள் அடைப்பது காதுக்கு நியாயம் செய்வதில்லை. பிபிசி பொறியாளர் ஷார்ட்டர் 1950லேயே இதைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு சீரிசையையும் அதன் வரிசை எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி நான்கால் வகுத்து எடை போடலாம் என்பது அவர் முன்மொழிந்த வழி. இரண்டாம் சீரிசைக்கு எடை 1, ஏழாவதற்கு 12.25. கனிவும் பிசிறும் காதில் ஏன் வேறுவேறாக விழுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எண்கள் எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சொற்களை வைத்து மதிப்புரை எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பிடும் ஆம்புகளின் ஒலியளவை மீட்டர் வைத்து 0.1 டெசிபெலுக்குள் சமன் செய்யுங்கள். எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். துளி உரத்து ஒலிப்பது நல்லதாகத் தோன்றிவிடும். அப்படி எழுதப்படும் "கனிவு" வெறும் வால்யூம்தான்.

பிரைட்டுக்கு ஒளிர்வும் எனக்கு உவப்பில்லை. மாற்றாகத் தோன்றும் "கணீர்" நம்மிடம் முழுப் பாராட்டாக இருப்பதால், பிரைட் என்று குறை சொல்லும் இடத்தில் உதவாது. அதைத் தனி இழையில் பேசலாம். இப்போதைக்குக் கனிவு, பிசிறு இரண்டையும் நம் சொற்பட்டியலில் சேர்க்கலாமா? மறுப்பு இருந்தால், எந்த ஒலிக்குப் பொருந்தவில்லை என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.