சியாபட்டா சாண்ட்விச் அடிப்பக்கம் ஊறாம இருக்க என்ன வழி?

பெங்களூரு நண்பர்களே, சியாபட்டாவில் (உள்ளே பெரிய ஓட்டைகள் இருக்கிற இத்தாலிய ரொட்டி) சைவ சாண்ட்விச் கட்டுறவங்க கொஞ்சம் உதவுங்க.

ரொட்டிக்கு அளவு: முதல் நாள் ராத்திரி 150 கிராம் மைதா, 150 கிராம் தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட் கலந்து 12 மணி நேரம் புளிக்கணும். காலையில் அதோட 350 கிராம் மைதா, 225 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 2 கிராம் ஈஸ்ட். பிசையாம, அரை மணிக்கு ஒருமுறையா நாலு மடிப்பு. ஓடிஜியில் (சின்ன மின்சார ஓவன்) 230 டிகிரி, 22 நிமிஷம்.

ரொட்டி நல்லாவே வருது. ஓட்டைதான் வில்லன். காலை 7 மணிக்குக் கட்டின டப்பாவை மதியம் 1 மணிக்குத் திறந்தா, கொத்தமல்லிச் சட்னி ஓட்டை வழியா இறங்கி அடிப்பக்கம் சொதசொதன்னு இருக்கு. தக்காளிக்கு உப்பு தூவி 10 நிமிஷம் வடியவிட்டாச்சு, ரெண்டு பக்கமும் வெண்ணெய் தடவியாச்சு, சுட்ட கத்தரிக்காயும் நல்லா ஆறின பிறகுதான் உள்ளே போகுது.

மொத்தத் தண்ணீரை 375-லிருந்து 325 ஆக்கினா ஓட்டை சின்னதாகும்; ஆனா அது சியாபட்டா இல்லை, நீள பன்! சட்னியில் பொட்டுக்கடலை அரைச்சுக் கெட்டியாக்கினா ஆறு மணி நேரம் தாங்குமா, ஒரு கட்டு கொத்தமல்லிக்கு எவ்வளவு? இல்லை, பனீர்த் துண்டை அடியில் பரப்பிட்டு அதுமேல சட்னி தடவலாமா?