கண்ணீர் அஞ்சலியில் எந்தப் பெயர்? நடந்ததைப் பகிருங்கள் (தருமபுரி, கிருஷ்ணகிரி)

பிளெக்ஸ் கடைத் தம்பி, தருமபுரி

பேருந்து நிலையம் பக்கம் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்க்கிறேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தினமும் வரும் வேலை. ரோஜாவும் குத்துவிளக்கும் அப்படியே இருக்கும், முகத்தையும் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றுவோம்.

மூன்று வருடம் ஆகிறது. காலையில் ஷட்டர் தூக்கும்போதே நான்கு திருநங்கை அக்காக்கள் வாசலில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை தோறும் கடைவீதிக்கு வருபவர்கள்தான். அவர்களில் ஒருவரை முந்தின இரவு பைபாஸ் ஓரம் யாரோ அடித்துக் கொன்றிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்கள். அரக்குப் புடவை, மூக்குத்தி, பெரிய பொட்டு. அவர் பெயரைப் போட்டேன். 'இப்படிக்கு' என்ற இடத்தில் குரு, மகள்கள், சகோதரிகள் என்று போடச் சொன்னார்கள், போட்டேன்.

மத்தியானம் இறந்தவரின் அப்பாவும் சித்தப்பாவும் வந்தார்கள். அதே படம்தான். பத்து வருடத்தில் அவர்களிடம் வேறு படமே இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் வேறு பெயர் எழுதியிருந்தது, பையன் பெயர். "முடியைக் குறைச்சிடு தம்பி. மூக்குல இருக்கிறதை எடுத்துடு. நெத்தியைச் சுத்தம் பண்ணிடு" என்றார் சித்தப்பா.

செய்தேன். கன்னத்துத் தோலை நகல் எடுத்து மூக்குத்தி மேல் ஒட்டினேன். நெற்றிப் பொட்டு மட்டும் போகவில்லை, மூடினாலும் சிவப்பு லேசாகத் தெரிந்தது. நானூறு சதவீதம் பெரிதாக்கி ஒவ்வொரு புள்ளியாக எடுத்தேன். பின்னால் நின்ற அப்பா "இன்னும் தெரியுது" என்றார். இரண்டாவது முறையும் அதையே சொன்னார். அப்புறம் வெளியே போய் பைக் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். இடது காதில் கம்மல் விட்டுப் போயிருந்தது. நான் சொல்லவில்லை. அவர்களும் கவனிக்கவில்லை, வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி சுவரில் இரண்டு போஸ்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அணைக்கட்டு அக்கா, கிருஷ்ணகிரி

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் திருநங்கை, வயது 44.

நவம்பர் 20, கொல்லப்பட்ட திருநர்களை நினைவுகூரும் நாள். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1998 நவம்பர் 28-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆல்ஸ்டன் பகுதியில் ரீட்டா ஹெஸ்டர் என்ற கறுப்பினத் திருநங்கையை அவர் வீட்டிலேயே குத்திக் கொன்றார்கள். பத்திரிகைகள் அவரை ஆண் என்றே எழுதின. உன் கடையில் நடந்த அதே கதைதான். கொன்றவன் இன்னும் பிடிபடவில்லை. அடுத்த ஆண்டு க்வெண்டலின் ஆன் ஸ்மித் என்ற திருநங்கை, இப்படிச் செத்தவர்களின் பெயரை வருடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று தொடங்கியதுதான் இந்த நாள்.

நாங்கள் ஒரு வருடம் நெடுஞ்சாலைப் பக்கம் சர்வீஸ் ரோட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். பதினேழு பேர். நான்தான் பெயர் படித்தேன். கோவையில் டிரான்ஸ் கிச்சன் ஆரம்பித்து எங்கள் ஆட்களுக்கு வேலை கொடுத்த சங்கீதா அக்கா பெயர் வந்தது. கடை திறந்த அடுத்த மாதமே, 2020 அக்டோபரில், அவரைக் கொன்றுவிட்டார்கள். அந்தப் பெயரை வாயெடுத்துச் சொல்லும்போது ஒரு லாரி வேகம் குறைத்து நின்றது. கிளீனர் தலையை வெளியே நீட்டி "எவ்வளவு?" என்று கேட்டான்.

எங்கள் கையில் செத்தவர்களின் படம். முன்னால் பதினேழு மெழுகுவர்த்தி. அவன் கேட்டது அதுதான்.

சின்னப் பெண் ஒருத்தி, மடி கட்டி எங்களில் ஒருத்திக்கு மகளாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, எதற்கென்று தெரியாமல் சிரித்துவிட்டாள், உடனே அழுதாள். எங்கள் நானி, அதாவது என் குருவுக்கும் குரு, ஒரே ஒரு தட்டு தட்டினார். எங்கள் கைத்தட்டல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லாரி நகர்ந்தது. "மேல படி" என்றார். படித்தேன். ஆனால் இன்றைக்கும் அந்தச் சிரிப்புதான் காதில் இருக்கிறது, கிளீனர் குரல் இல்லை.

களபலி ராத்திரி, பென்னாகரம்

அக்கா மேல் மரியாதையோடுதான் கேட்கிறேன். துக்கம் நம்முடையது, அதற்குத் தேதி மட்டும் ஏன் பாஸ்டனிலிருந்து வர வேண்டும்? நம் பக்கம் பாரதக் கூத்தில், போருக்கு முன் அரவானைப் பலி கொடுக்கும் களபலி நடக்கும். நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் ஊர்க் களபலி ராத்திரியில், பச்சை மண்ணால் செய்த அரவான் தலைக்குப் பக்கத்தில் ஒரு திருநங்கை உட்கார்ந்து விடிய விடிய அழுததைப் பார்த்தேன். பபூன் வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தபோதும் அவர் நிறுத்தவில்லை. என் பாட்டி போய் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அந்த அழுகையில் வெறும் கதை மட்டும் இல்லை என்று அந்த வயதிலேயே எனக்குப் பட்டது.

கூவாகத்தில் சித்ரா பௌர்ணமிக்குத் திருநங்கைகள் அரவானைப் புருஷனாக நினைத்துத் தாலி கட்டி மறுநாள் அறுக்கிறார்கள். வளையல் உடைத்து வெள்ளைப் புடவை கட்டுகிறார்கள். இதைவிடப் பெரிய நினைவுகூரல் எந்த நாட்டில் இருக்கிறது? தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 திருநங்கையர் தினமும் இருக்கிறது. 2008-ல் நலவாரியம் வந்தது, 2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தவரை அங்கீகரித்தது, இரண்டும் அந்தத் தேதியில்தான். மெழுகுவர்த்தி எதற்கு என்பதுதான் என் கேள்வி.

அணைக்கட்டு அக்கா, கிருஷ்ணகிரி

கூவாகத்தில் நான் பதினோரு முறை தாலி அறுத்திருக்கிறேன். அங்கே பொட்டு அழிவது என் சம்மதத்தில். அது என் சாமி, என் புருஷன், என் துக்கம். வருடா வருடம் அவன் திரும்பி வருவான், நானும் மறுபடி பொட்டு வைப்பேன். தம்பி கடையில் அழித்தது அந்தப் பொட்டு இல்லை.

ஏப்ரல் 15 கிடைத்ததைக் கொண்டாடும் நாள். நவம்பர் 20-ல் படிப்பது யார் யார் இல்லை என்று. தேதி எங்கிருந்து வந்தால் என்ன, பட்டியலில் இருப்பது நம் ஊர்ப் பெண்கள்.

பாலக்கோடு டீச்சர்

நிலைமை அப்படியே இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம், அதற்காக எழுதுகிறேன். உயர் நீதிமன்றம் வரை போராடி எஸ்.ஐ. தேர்வில் இடம் வாங்கிய திருநங்கை பிரித்திகா யாஷினி, 2017 ஏப்ரலில் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் பணியில் சேர்ந்தார். அன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடையில் அப்பா பேப்பரைச் சத்தமாக வாசித்தார். பெஞ்சில் ஒருத்தர் வழக்கமான அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னார். டீ மாஸ்டர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு உம் பைக் திருட்டுப் போனா அந்தம்மா கிட்டதான் எழுதிக் குடுக்கணும், பார்த்துப் பேசு" என்றார். அந்த ஆள் பேப்பரை வாங்கி, அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு அது பெரிய விஷயம்.

தொப்பூர்க் கணவாய்

டீச்சர், ஒரு எஸ்.ஐ. வந்தது சந்தோஷம்தான். ஆனால் சட்டத்தைப் பாருங்கள். 2019-ல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-வது பிரிவில், திருநங்கையை அடித்தாலும் பாலியல் கொடுமை செய்தாலும் தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டு. ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்தால் குறைந்தது 10 ஆண்டு. 'உன் உடம்புக்கு மதிப்பு இவ்வளவுதான்' என்று சட்டமே எழுதி வைத்தால் அந்தக் கிளீனர் வேறு என்ன கேட்பான்?

என் சொந்த அனுபவம் இரண்டே வரி. நான் லாரி ஓட்டுகிறேன். அப்படிக் கேட்ட கிளீனர்கள் என் வண்டியிலும் இருந்திருக்கிறார்கள், நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற எழுத்தர், ஊத்தங்கரை

நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒரு திருநங்கை தன் குருவின் இறப்புச் சான்று கேட்டு வந்தார். "நீங்கள் என்ன உறவு?" என்று கேட்டேன். "மகள்" என்றார். ஆவணம் கேட்டேன். இல்லை. திருப்பி அனுப்பினேன். நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தவர்.

அதனால் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். முதலில் உயிரோடு இருக்கும்போதே பெயரை மாற்றுங்கள். மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றுக்குத் திருநர்களுக்கான தேசிய இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அதை வைத்து ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் வரட்டும். அடையாள அட்டையில் எது இருக்கிறதோ பெரும்பாலும் அதுதான் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் கடைசியில் இறப்புப் பதிவிலும் ஏறும். அப்புறம் உயில். குரு, மகள் என்ற உங்கள் உறவைச் சட்டம் வாரிசாக எடுத்துக்கொள்ளாது. உயில் எழுதினால் எடுத்துக்கொள்ளும். இரண்டு சாட்சி போதும், பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. வங்கியில் நாமினி பெயரையும் மறக்காதீர்கள்.

யாராவது அடித்தால் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று சொல்லக் கூடாது. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், வாங்காமல் வெளியே வராதீர்கள். 18-வது பிரிவு மட்டும் போட்டால் விடாதீர்கள், கொலை முயற்சி, கொடுங்காயம் என்று பொருந்துகிற மற்றப் பிரிவுகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நஷ்ட ஈட்டுக்கும் மனு போடலாம். சென்னையில் பாண்டியன் என்ற அரவாணி போலீஸ் கொடுமை தாங்காமல் தீக்குளித்து இறந்தார். உடன்பிறந்த ஜெயலட்சுமி வழக்குப் போட்டதில் 2007-ல் உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. வீட்டார் பக்கத்தில் நின்றால் இவ்வளவு நடக்கும்.

பிளெக்ஸ் கடைத் தம்பி, தருமபுரி

ஐயா, நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்த நான்கு அக்காக்களும் பேப்பர் இல்லாமல் வந்தவர்கள் இல்லை. இறந்தவரின் ஆதாரே அவர்கள் கையில் இருந்தது, பெண் பெயரில். அப்படியும் சுவரில் இரண்டு போஸ்டர் ஒட்டியாயிற்று. என் மனசில் நிற்பது ஆவணம் இல்லை. அந்த அப்பா ஏன் வெளியே போனார் என்பதுதான்.

அரூர்க்காரன்

நான் பதில் சொல்ல முயற்சி செய்கிறேன். நாங்கள் அந்த இரண்டாவது போஸ்டர் அடித்த வீடு மாதிரி.

எனக்கு மூத்தவர். பெங்களூரில் இருந்தார். எப்படிச் செத்தார் என்று இங்கே எழுத எனக்குத் தெம்பு இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் புதுத்துணி வைத்துப் படைக்க வேண்டும். வேட்டி, சட்டை, துண்டு நான்தான் வாங்கி வந்தேன். இலை போட்டு எல்லாம் வைத்த பிறகு பார்த்தால், வேட்டிக்கு அடியில் ஒரு புடவை மடித்து வைத்திருந்தது. மயில் கழுத்துக் கலர். விலைச் சீட்டுகூட கிழிக்கவில்லை. அம்மா எப்போது கடைக்குப் போனார், யாரிடம் காசு வாங்கினார், தெரியாது. அம்மாவைப் பார்த்தேன். அவர் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டு இருந்தார்.

வாசலில் பங்காளிகள் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. நான் அந்தப் புடவையை உருவி அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டுவிட்டேன்.

அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை, இன்று வரை. தம்பி, அந்த அப்பா வெளியே போனது கோபத்தில் இல்லை என்று நினைக்கிறேன்.

வேடியப்பன் கோயில் வாத்தியார், பாப்பிரெட்டிப்பட்டி

அரூர்த் தம்பிக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன்.

நம் இரண்டு மாவட்டத்திலும் வயல் வரப்பெல்லாம் நடுகல் இருக்கும், வேடியப்பன் என்று கும்பிடுவோம். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஊர் எடுத்த கல். வட்டெழுத்து கொஞ்சம் படிப்பேன். என்னோடு பத்தாவது வரை படித்து, பிறகு திருநங்கையாக வாழும் தோழி ஒருநாள் வந்திருந்தார். எங்கள் ஊர்க் கல்லைக் காட்டி, "என்ன எழுதியிருக்கு?" என்றார். ராஜா ஆட்சி வருடம், ஊர்ப் பெயர், ஆள் பெயர், மாடு மீட்டுப் பட்டான் என்று விரல் வைத்துப் படித்துக் காட்டினேன்.

"கொன்னது யாருன்னு இருக்கா?"

இந்தக் கல்லில் இல்லை என்றேன். கல்லில் அப்பியிருந்த மஞ்சளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பேராவது ஒழுங்கா போட்டிருக்காங்களே" என்றார். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

அணைக்கட்டு அக்கா, கிருஷ்ணகிரி

பிளெக்ஸ் தம்பி, இந்த நவம்பர் 20-க்கு அதே சர்வீஸ் ரோட்டில்தான் நிற்கிறோம். வெளிச்சம் போதாமல் போன தடவை கையில் இருந்த படம் யாருக்கும் தெரியவில்லை. ஆறுக்கு நாலு பிளெக்ஸ் ஒன்று வேண்டும். ரோஜா, குத்துவிளக்கு எதுவும் வேண்டாம், பெயர்கள் மட்டும். லாரியில் போகிறவன் வண்டியை நிறுத்தாமலே படிக்கிற அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும். என்ன ஆகும் என்று சொல்லு, காசு நாங்கள் கொடுத்துவிடுவோம்.

பிளெக்ஸ் கடைத் தம்பி, தருமபுரி

ஆறுக்கு நாலில் இருபது பெயருக்கு மேல் போட்டால் தூரத்திலிருந்து தெரியாதுக்கா. எட்டுக்கு ஆறாகப் போடுகிறேன், மூங்கில் கட்டிக் கொடுக்கிறேன். பெயரை எழுதி அனுப்புங்கள், எழுத்துப் பிழை இல்லாமல்.

அரூர்க்காரன்

ஒரு பெயர் சேர்க்க முடியுமா? பெங்களூரில் கூட இருந்தவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அவர் அங்கே வைத்துக்கொண்ட பெயர் எனக்கு இன்னும் தெரியாது.

பிளெக்ஸ் கடைத் தம்பி, தருமபுரி

கேட்டுட்டு சொல்லுங்கண்ணா. இடம் விட்டு வைக்கிறேன்.