மில்வாக்கியில் பழைய வீடு: பேஸ்மென்ட் கசிவுக்கு எதை முதலில் செய்வது?

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், பே வியூ பகுதியில், மிச்சிகன் ஏரிக்கு நடந்துபோகும் தொலைவில், 1926இல் கட்டப்பட்ட வீடொன்றைச் சென்ற நவம்பரில் வாங்கினோம். மார்ச்சில் பனி உருகத் தொடங்கியதிலிருந்து பேஸ்மென்ட்டின் கிழக்குச் சுவரடியில் நீர் கசிகிறது; பெருமழைக்கு மறுநாள் தரையில் தேங்கியே நிற்கிறது. விற்பனைக்கு முன் அந்தச் சுவருக்கு மட்டும் புது வெள்ளை அடித்திருந்ததை நான் அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும்.

கூரைநீர்க் குழாயை ஆறடி வெளியே நீட்டினேன். சுவரோரம் மண் கொட்டிச் சரிவு அமைத்தேன். கான்கிரீட் பிளாக் சுவரின் நடு உயரத்தில் படுக்கைவாட்டில் ஓடும் விரிசலைச் சிமென்ட்டால் அடைத்தேன். அது மே மாதமே விட்டுப்போய், இப்போது அதில் பத்து சென்ட் நாணயம் நுழைகிறது.

ஓர் ஒப்பந்தக்காரர், உட்புறத் தரையைச் சுற்றிலும் உடைத்து வடிகுழாய் பதித்து, குழியில் சேரும் நீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் வைக்க 16,000 டாலர் கேட்கிறார். மற்றவரோ, ஈரக் களிமண் சுவரை உள்ளே தள்ளுவதால் அதை உட்புறமிருந்து தாங்கிப்பிடிக்கும் எஃகு உத்தரங்களே முதலில் வேண்டும் என்கிறார். தரை வடிகாலின் மூடியைத் திறந்து பார்த்தேன்: அஸ்திவாரத்தைச் சுற்றிச் சேரும் நீரை வடிகாலுக்குள் விடும் பால்மர் வால்வின் (ஒருவழித் திறப்பு) மடல் துருவேறி அசையவே இல்லை.

இத்தகைய பிளாக் சுவர் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்கிறேன்: வால்வை மட்டும் மாற்றிவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்க்கலாமா, அல்லது உத்தரங்களை உடனே பொருத்திவிட வேண்டுமா?