ஓவியப் பாடத்துக்குத் தரநிலை வேண்டுமா?

தக்கலை ஓவிய ஆசிரியர்:
ஆறாம் வகுப்பில் மாம்பழம் வரைகிறார்கள். எட்டாம் வகுப்பிலும் அதே மாம்பழம். எந்த வகுப்பு முடியும்போது பிள்ளைக்கு என்ன கைவந்திருக்க வேண்டும் என்று எழுத்தில் ஒரு தரநிலை வேண்டும் என்கிறேன். 2014-இல் அமெரிக்காவில் வெளியான தேசியக் கலைத் தரநிலைகள் நான்கு வேலைகளைச் சொல்கின்றன: படைப்பது, பிறர் முன் வைப்பது, ஒரு படைப்பைப் பார்த்துப் பேசுவது, அதை வாழ்க்கையோடு சேர்த்துப் பார்ப்பது. நாம் முதலாவதில் பாதியோடு நிற்கிறோம்.

குழித்துறை அம்மா:
சார், தரநிலை வந்தால் பின்னாலேயே பதிவேடும் மதிப்பெண்ணும் வரும். என் மகள் பயமில்லாமல் உட்காரும் ஒரே பீரியட் அது. 2012-இல் பகுதிநேர ஓவிய ஆசிரியர்களை எடுத்ததே வாரத்துக்கு மூன்று அரைநாள் என்ற கணக்கில்தான். முதலில் முழுநேர ஆசிரியரைக் கொடுங்கள், அப்புறம் தரநிலை பேசலாம்.

தக்கலை ஓவிய ஆசிரியர்:
ஆள் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பரீட்சை நெருங்கினால் என் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கேட்கிறார்கள். அதனால் பிள்ளைக்கு என்ன நஷ்டம் என்று காட்ட என்னிடம் ஒரு தாள்கூட இல்லை.

பத்மநாபபுரம் அரண்மனை நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளை வரிசையாக உள்ளே விட்டு வரிசையாக வெளியே கொண்டுவருகிறோம். அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் 90 விதப் பூக்கள் என்பார்கள். அண்ணாந்து பார்க்கவைத்து, ‘ஒன்றுபோல் இரண்டு இருக்கிறதா? தச்சர் ஏன் மாற்றி மாற்றிச் செதுக்கினார்?’ என்று கேளுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை அரைமணி நேரம் பேசும். பார்த்துப் பேசுவது என்று சொன்னேனே, அது இதுதான். இதற்கு மதிப்பெண் எதற்கு?

மயிலாடி கல்வேலை:
சிலை செதுக்கும் எங்கள் தொழிலில் தாலமானம் என்ற அளவுமுறை உண்டு. முகத்தின் நீளத்தை அளவாக வைத்து முழு உருவத்தையும் பிரிப்போம். நவதாலம் என்றால் ஒன்பது மடங்கு. அளவு யார் கையையும் கட்டிப்போட்டதில்லை. அது பிடிபட்ட பிறகும் ஒருத்தர் செய்த முகம் மாதிரி இன்னொருத்தருக்கு வராது.

குழித்துறை அம்மா:
அண்ணா, பட்டறையில் அளவைச் சொல்லித்தர ஆள் பக்கத்திலேயே நிற்கிறார். பள்ளிக்கு அளவு மட்டும் வரும், ஆள் வரமாட்டார். என் பயம் அதுதான்.

தக்கலை ஓவிய ஆசிரியர்:
சரிம்மா, அப்படியானால் அந்தத் தரநிலையை வைத்துப் பள்ளியை அளக்கட்டும். பீரியட் நடந்ததா, வண்ணமும் தாளும் கொடுத்தார்களா, பிள்ளைகள் வரைந்ததைச் சுவரில் மாட்டினார்களா என்று.

குழித்துறை அம்மா:
பள்ளியை அளந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிள்ளையின் ரிப்போர்ட் கார்டில் அது ஏறாது என்று அதே தரநிலையில் எழுதட்டும். அதுவரை நான் எதிர்ப்புதான்.