ஐஸ் பிளான்ட் கட்ட டிசைனையும் கட்டடத்தையும் ஒரே கம்பெனியிடம் கொடுக்கலாமா?

உச்சிப்புளியான்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் எங்கள் குடும்ப இடம் 40 சென்ட் இருக்கிறது. அதில் ஐஸ் பிளான்ட், அதை ஒட்டி மீன் தரம் பிரித்துப் பெட்டி போடும் கூடம், மேலே சின்னதாக ஒரு ஆபீஸ், இவ்வளவும் கட்டப் போகிறோம். அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் பங்கு. பாதிப் பணம் வங்கிக் கடன்.

இரண்டு வழி இருக்கிறது. ஊர் இன்ஜினியரிடம் டிராயிங், எஸ்டிமேட் வாங்கி, நான்கைந்து காண்ட்ராக்டர்களிடம் ரேட் கேட்டு ஒருவருக்குக் கொடுப்பது ஒன்று. வீடு அப்படித்தான் கட்டினோம். இன்னொன்று, வெளியூர் கம்பெனி ஒன்று வந்து இடத்தைப் பார்த்துவிட்டு டிசைன், அப்ரூவல், கட்டடம், மெஷின் எல்லாம் நாங்களே முடித்துச் சாவியைக் கையில் தருகிறோம் என்று ஒரே தொகையாகச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்த பேப்பர் மொத்தம் இரண்டு பக்கம். அதில் 'தரமான கம்பி, தரமான சிமென்ட்' என்று இருக்கிறதே தவிர வேறு விவரம் இல்லை.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது, போட் இறங்கும் அன்று ஐஸ் தயாராக இருக்க வேண்டும், ஜனவரியில் தொடங்கினால் முடித்துவிடலாம் என்கிறார்கள். என் பயம் நேரத்தைப் பற்றி மட்டும் இல்லை. எங்கள் வீட்டு மாடிப்படி பீமில் 9 வருடத்திலேயே கம்பி வெளியே தெரிகிறது, விரல் வைத்தால் துரு ஏடு ஏடாகக் கழன்று வருகிறது. பிளான்ட்டும் அப்படி ஆனால் நாங்கள் எழுந்திருக்கவே முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை க்யூஎஸ்:

தம்பி, நான் துபாயில் 14 வருடம் குவாண்டிட்டி சர்வேயராக (க்யூஎஸ்: கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுகிறவர்) வேலை பார்த்துவிட்டு வந்தவன், இரண்டு வகை காண்ட்ராக்ட்டும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். உங்கள் வேலைக்கு ஒரே கை நல்லதுதான். தனித்தனியாகக் கொடுத்தால், ஏதாவது தப்பு என்று வரும்போது காண்ட்ராக்டர் டிராயிங்கைக் காட்டுவார், இன்ஜினியர் காண்ட்ராக்டரைக் காட்டுவார், இடித்துக் கட்டும் செலவு உங்கள் தலையில் விழும். ஐஸ் பிளான்ட்டில் கட்டடமும் மெஷினும் ஒன்றுக்குள் ஒன்று, பிரித்துக் கொடுத்தால் இந்தச் சண்டை கட்டாயம் வரும்.

ஆனால் அந்த இரண்டு பக்கப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மொத்தத் தொகை பேசியாகிவிட்டால் அதற்குள் அவர் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறாரோ அவ்வளவு அவருக்கு லாபம். எழுத்தில் இல்லாததை நீங்கள் கேட்க முடியாது. வெளிநாட்டு வேலைகளில் ஃபிடிக் என்று காண்ட்ராக்ட் புத்தகங்கள் உண்டு. முதலாளி டிசைன் கொடுத்தால் சிவப்புப் புத்தகம், காண்ட்ராக்டரே டிசைன் செய்தால் மஞ்சள் புத்தகம். மஞ்சளில் முதலாளிக்கு என்ன வேண்டும் என்று தனியாக ஒரு ஆவணம் இருக்கும், கட்டி முடித்தது அதில் எழுதிய உபயோகத்துக்குத் தகுதியாக இருப்பது காண்ட்ராக்டர் பொறுப்பு. உங்களுக்கு அந்தத் தடிப் புத்தகம் தேவையில்லை, அந்த ஒரு ஆவணம் போதும். ஒரு நாளைக்கு 50 கிலோ ஐஸ் பார் எத்தனை, ஒரு பாருக்கு எத்தனை யூனிட் கரண்ட் வரை போகலாம், லாரி எந்தப் பக்கம் திரும்பும், கழுவிய தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று அப்பாவோடும் சித்தப்பாவோடும் உட்கார்ந்து நீங்களே எழுதுங்கள்.

கான்கிரீட்டுக்கும் எண் எழுதுங்கள். ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிநூல்படி கடற்கரைக் காற்று படும் கான்கிரீட் 'கடுமை' வகை: வலிமை குறைந்தது எம்30 தரம், கம்பிக்கு மேல் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) 45 மில்லிமீட்டர், தண்ணீர் சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக் கூடாது. உங்கள் படிக்கட்டு பீமில் ஒரு இஞ்ச் கவர்கூட இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அமீரகத்தில் கட்டடம் விழுந்தாலோ அதன் உறுதிக்கு ஆபத்தான குறை தெரிந்தாலோ டிசைன் செய்தவரும் கட்டியவரும் சேர்ந்து 10 வருடம் பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது. இங்கே ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 5 வருடப் பொறுப்பு பிளாட் வாங்குகிறவர்களுக்கு. சொந்த இடத்தில் காண்ட்ராக்ட் கொடுத்துக் கட்டுகிற உங்களுக்கு அது வராது. ஆகவே எத்தனை வருடப் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் நீங்கள்தான் போட வேண்டும்.

தொண்டி ஐஸ்காரர்:

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொல்வதற்கு நானே சாட்சி. எங்களுக்குக் கட்டடம் ஒரு ஆள், மெஷின் வேறு ஆள். ஐஸ் கேன்களை இறக்கி உறைய வைக்கும் பிரைன் டேங்குக்குத் தோண்டிய பள்ளம் மெஷின்காரர் கேட்ட ஆழத்தைவிட அரை அடி குறைந்துவிட்டது. பெட் கான்கிரீட்டும் போட்டாயிற்று. உடைக்க மனமில்லாமல் அடியில் போடும் தெர்மோகோலைக் குறைத்தார்கள், நானும் சரி என்று விட்டேன். இன்றைக்கும் டேங்குக்கு வெளியே தரை வியர்த்து நிற்கிறது, ஒரு பார் உறைய பேசியதைவிட ஆறேழு மணி நேரம் கூட ஆகிறது. மாதா மாதம் கரண்ட் பில்லைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அரை அடி ஞாபகம் வரும். அந்த இரண்டு பேரும் இன்றுவரை ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பி, உப்பு வெளியிலிருந்து மட்டும் வராது. பிரைனே உப்புக் கரைசல், கேனைத் தூக்கும்போதெல்லாம் சொட்டும். அந்தத் தரைக்கும் டேங்கைச் சுற்றியுள்ள பில்லருக்கும் இன்னும் ஒரு படி கூட்டி எம்35, 50 மில்லிமீட்டர் கவர் என்று கேளுங்கள். அப்புறம் தண்ணீர். போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும், அதிலேயே கான்கிரீட் கலந்து அதையே ஊற்றி கியூரிங் செய்தால் துருவை நாமே உள்ளே வைத்துப் பூட்டுகிற மாதிரி. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. லேபில் கொடுத்துப் பாருங்கள். தேறாவிட்டால் டேங்கர் தண்ணீர், அந்தச் செலவு யாருடையது என்பதும் பேப்பரில் வர வேண்டும்.

சைட் இன்ஜினியர், ஏர்வாடி:

நான் டிசைன்-பில்ட் (டிசைனும் கட்டடமும் ஒரே கையில்) எடுத்துச் செய்கிறவன், எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். ஒரே கம்பெனி வேகமாக முடிப்பது உண்மை, மேல்மாடி டிராயிங் தயாராகும்போதே கீழே அஸ்திவாரம் ஓடும். ஆனால் நடுவில் முதலாளி மனம் மாறினால் அந்த வேகம் அப்படியே செலவாகத் திரும்பும். முதலில் உங்கள் செலவில் சாயில் டெஸ்ட் எடுங்கள். மண் ரிப்போர்ட் இல்லாமல் மொத்தத் தொகை சொல்கிறவர் பயத்துக்கு ஒரு தொகையை ஏற்றியிருப்பார், இல்லையென்றால் பிறகு எக்ஸ்ட்ரா என்று வந்து நிற்பார்.

இடம் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வருகிறதா பாருங்கள், வந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி தேவை. கடல் தூரம் என்று விட்டுவிடாதீர்கள், பக்கத்து ஓடையில் கடல் தண்ணீர் ஏறி இறங்கினால் அந்தக் கரைக்கும் தனி அளவு உண்டு. 'அப்ரூவல் நாங்களே' என்றால் எந்தெந்த அனுமதி என்று பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

ஜிஎஸ்டி 18 சதவீதம் தொகைக்குள்ளா வெளியிலா? கட்டடத்துக்குக் கட்டும் வரியை உள்ளீட்டு வரியாக எடுக்க (பிறகு நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள) முடியாது, மெஷினுக்கும் அதன் அஸ்திவாரத்துக்கும் எடுக்கலாம். எல்லாம் ஒரே பில்லாக வந்தால் பிரிப்பது கஷ்டம், ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

உச்சிப்புளியான்:

ரொம்ப நன்றி, அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சாயில் டெஸ்டுக்கும் தண்ணீர் டெஸ்டுக்கும் இந்த வாரமே சொல்கிறோம். ஓடை ஒன்று பக்கத்தில் இருக்கிறது, அதையும் அளக்க வேண்டும். ஒரு சந்தேகம் காக்கா: எல்லாம் அவர்களே செய்தால், எழுதியபடி செய்கிறார்களா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கீழக்கரை க்யூஎஸ்:

நீங்கள் முதலில் சொன்ன ஊர் இன்ஜினியரை விட்டுவிடாதீர்கள். டிசைன் வேலை இல்லாவிட்டாலும் உங்கள் ஆளாக, உங்கள் சம்பளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியிடம் அவர் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கம்பி கட்டி முடித்து அவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் கான்கிரீட் லாரி உள்ளே வரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள். ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் கியூப் (வலிமை சோதிக்கும் கனசதுர மாதிரி) எடுத்து 28 நாள் ரிசல்ட் வந்த பிறகுதான் அந்தக் கட்டத்துக் கடைசிப் பணம். 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும் வரை பிடித்து வையுங்கள்.

கவர் பிளாக்கை (கம்பியைப் பலகையில் படாமல் தாங்கும் சிறு கட்டையை) நீங்களே பார்க்கலாம். சென்ட்ரிங்குக்குள் டேப்பை விட்டு, பலகைக்கும் வெளிக்கம்பிக்கும் நடுவில் எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். ஜல்லியைக் கம்பிக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பேப்பர் தயாரானதும் இங்கே போடுங்கள், வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.