புதுப்பிப்பு: பேஸ் கிட்டாரின் கரகரப்பும் செகா தாளமும்

என் பேஸ் கிட்டாரின் தடித்த ஈ தந்தி, முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மட்டும் கரகரக்கிறது என்றும், மொரீஷியஸ் தீவின் ஆட்ட இசையான செகாவை வாசிக்கும்போது என் பேஸ், ரவான் என்னும் தோல் பறையுடன் ஒட்டவில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன். இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது.

மெல்லிய தந்திகளுக்கு மாறியதால் இழுவிசை குறைந்து, கிட்டாரின் கழுத்து தேவையான சிறு வளைவை இழந்திருந்தது. தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து எட்டாம் ஃபிரெட்டருகே பார்த்தபோது, தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. கழுத்தினுள் ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் பொறுத்திருந்து அளந்தேன், ஏறத்தாழ 0.3 மி.மீ. இடைவெளி வந்ததும் கரகரப்பு நின்றது. அவசரப்பட்டு ஃபிரெட்டுகளைத் தேய்க்கக் கொடுத்திருந்தால் நல்ல வாத்தியம் வீணாகியிருக்கும்.

தாளத்தில் பிழை என்னுடையதே. ஆறு-எட்டில் (ஒரு சுற்றில் ஆறு எண்ணிக்கை, மூன்றுக்கு ஒன்றாக இரண்டு பெரிய அடிகள்) நடக்கும் செகாவை மூன்று மூன்றாக எண்ணி, ஒவ்வொரு எண்ணிக்கையையும் சுரத்தால் நிரப்பிக்கொண்டிருந்தேன். மொரீஷியஸின் ரோஸ்ஹில் ஊரில் ரவான் வாசிக்கும் நண்பர், ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டி விறைப்பேற்றியபடியே, இரண்டு பெரிய அடிகளை மட்டும் காலால் தட்டச் சொன்னார். அவ்விரண்டில் மூல சுரத்தை ஊன்றி, மற்ற இடங்களை ரவானுக்கும், மராவான் என்னும் குலுக்கு வாத்தியத்துக்கும் விட்டுக்கொடுத்தவுடன், ஆடுபவர்களின் கால்கள் என் தந்தியோடு இணைந்தன. அந்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.