பத்தாயத்தைத் திறந்தது யாருக்காக? தஞ்சைப் பண்ணையாள் குடும்பங்கள் பற்றி ஒரு விவாதம்

காவிரிக்கரையான்:
நூறு வருடத்துக்கு முந்தைய தஞ்சைப் பண்ணைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் சவுக்கடி, சாணிப்பால் (தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) என்று தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். அது நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எல்லாப் பண்ணையும் ஒன்றல்ல. என் கொள்ளுத்தாத்தா கும்பகோணம் பக்கம் சின்ன மிராசுதார், அதாவது நிலச்சொந்தக்காரர். அவரிடம் மூன்று பண்ணையாள் குடும்பங்கள், அதாவது அவர் பண்ணையிலேயே குடியிருந்து உழைக்கிற குடும்பங்கள் இருந்தன. குடியிருக்க மனை, வேலை நாளில் படி நெல், அறுவடையில் களத்து நெல், பொங்கலுக்கு வேட்டி சேலை, கல்யாணம் கருமாதிக்குப் பணம் எல்லாம் கொடுத்தார். 1924 வெள்ளத்தில் நாற்றங்கால் மணல் மூடிப் போனபோது நெல் சேமித்து வைக்கிற பத்தாயத்தைத் திறந்து நெல் அளந்தார் என்று பாட்டி சொல்வார். இன்றைக்குக் கோடையில் வேலை இல்லாமல் திருப்பூருக்கு பஸ் ஏறுகிறவனுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அன்றைக்கு ஒரு பொறுப்பு இருந்தது. அதையும் எழுதுங்கள் என்கிறேன்.

களத்துமேடு:
நான் பண்ணையாள் வீட்டுப் பேத்தி. என் அப்பாயி (அப்பாவின் அம்மா) 1920களில் மன்னார்குடிப் பக்கம் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். அவர் சொன்ன ஒரு நாளை அப்படியே எழுதுகிறேன், அப்புறம் பொறுப்பைப் பற்றிப் பேசலாம்.

கோழி கூவும்போதே அப்பாயியின் அப்பா ஏரும் மாடுமாக வயலுக்குப் போய்விடுவார். அதே நேரத்தில் அம்மா பண்ணை வீட்டுக் கொல்லைக்குப் போக வேண்டும். தொழுவத்தில் சாணி அள்ளி, எருக்குழியில் கொட்டி, கூட்டிப் பெருக்கி முடிக்க வெயில் ஏறிவிடும். கொல்லைப்புறம் வரைதான், வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அதன் பிறகு நாற்றுப் பறி, நடவு, களை, எது நடக்கிறதோ அது. அண்ணனுக்கு ஏழு வயதிலிருந்து பண்ணை மாடு மேய்க்கிற வேலை. அப்பாயி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பார். அவருக்கே அப்போது ஆறு வயது.

இதில் கூலி யாருக்கு? அப்பாவுக்குப் படி நெல். நட்டால் அம்மாவுக்கு அதைவிடக் குறைவாக ஒரு அளவு. தொழுவ வேலைக்கு ஒன்றும் கிடையாது. பண்ணையாளின் பெண்டாட்டி என்பதால் செய்ய வேண்டிய வேலை அது. அண்ணனுக்குக் கஞ்சி, வருடத்துக்கு ஒரு துண்டு. ஒரு ஆளைத்தான் பண்ணைக்கு வைத்தார்கள் என்று கணக்கு சொல்லும், ஆனால் வீடே வேலை செய்தது.

இன்னொன்று. கூலி அரிசியாக வரவில்லை, நெல்லாக வந்தது. இருட்டிய பிறகு அதைக் குத்திப் புடைத்தால்தான் உலை வைக்கலாம். அப்பாயி தன் அம்மாவை நினைத்தாலே உலக்கைச் சத்தம்தான் முதலில் வரும் என்பார். மழைக்காலத்தில் ஈர நெல்லை வறுத்துக் குத்துவார்களாம். கோடையில் நண்டு, நத்தை, வாய்க்கால் மீன். அறுவடை முடிந்த வயலில் எலி வளையை வெட்டினால் கொஞ்சம் நெல் கிடைக்கும், எலியும் கிடைக்கும். அந்த வாரம் நல்ல வாரம்.

வெள்ளத்தில் அளந்த அந்த நெல், கணக்கில் ஏறியதா இல்லையா? இதை மட்டும் சொல்லுங்கள்.

காவிரிக்கரையான்:
ஏறியது. அடுத்த களத்தில் பிடித்துக்கொண்டார்கள். மறைக்க விரும்பவில்லை.

ஆனால் கடனாகவாவது கொடுக்க ஒரு வீடு இருந்ததே. மேட்டூர் அணை 1934ல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று மிராசுதாருக்கே தெரியாது. அவருக்கும் கிஸ்தி (நில வரி) கட்ட வேண்டும், அவருக்கும் கடன் உண்டு. பிடிக்காத பண்ணையாள் விலகி வேறு இடம் போயிருக்கலாம். அடிமை முறை செல்லாது என்று 1843லேயே சட்டம் வந்துவிட்டது. அவர்கள் அடிமைகள் இல்லை.

தெற்குவீதி:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நான் வரலாற்று ஆசிரியர், ஓய்வு பெற்றவன்.

"விலகிப் போயிருக்கலாம்" என்பதில்தான் முடிச்சு இருக்கிறது. 1843 சட்டம் செய்தது, ஒருவன் இன்னொருவனுக்கு அடிமை என்ற உரிமையை நீதிமன்றங்கள் ஏற்காது என்பதுதான். நிலத்தையோ மனையையோ அது தொடவில்லை. பண்ணையாட்கள் பெரும்பாலும் பள்ளர், பறையர் குடும்பங்கள். அவர்கள் குடிசை போட்டிருந்த இடம் மிராசுதாருடையது. வேலையை விட்டால் அன்றைக்கே கூரையைப் பிரிக்கச் சொல்லலாம். இந்தக் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971ல்தான் வந்தது. எத்தனை தலைமுறை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கல்யாணக் கடன். கல்யாணத்துக்கு வாங்கிய பணத்தைப் படி நெல்லில் மிச்சம் பிடித்து அடைக்க முடியாது. வேறு பண்ணைக்குப் போக வேண்டுமானால் புது மிராசுதார் பழைய கடனைத் தீர்க்க வேண்டும். தீர்த்தால் கடன் அவரிடம் தொடரும். ஆள் மாறுவான், கடன் மாறாது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916ல் மாணவர்களை வைத்துச் சில கிராமங்களை ஆய்வு செய்தார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் அவற்றில் ஒன்று. அங்கே படியாட்கள் என்று பெயர், நிலைமை இதேதான்.

உண்மையில் விலகிப் போனவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். பினாங்குக்கும் அப்பாலும் போய் ரப்பர்த் தோட்டத்தில் கங்காணி என்ற மேஸ்திரியின் கீழ் வேலை. அது சொர்க்கம் இல்லை, அங்கேயும் முன்பணம், கடன். அப்படியிருந்தும் ஏறினார்கள். பண்ணையில் அவ்வளவு பாதுகாப்பு இருந்திருந்தால் கடல் தாண்டி ஏன் போக வேண்டும்?

காவிரிக்கரையான் சொல்வதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பண்ணையில் சேராத தினக்கூலி வீட்டுக்குக் கோடை இன்னும் கொடியது. களத்து நெல்லுக்காகவே பண்ணையில் ஒட்டிக்கொண்டவர்கள் உண்டு.

களத்துமேடு:
ஐயா சொன்ன கடைசி வரியை நான் ஏற்கவில்லை. ஒட்டிக்கொண்டது வேறு, வேறு வழி இல்லாதது வேறு. அப்பாயியின் அப்பா இறந்தபோது கடன் அண்ணன் பெயருக்கு வந்தது. அண்ணனுக்குப் பதினான்கு வயது. அதுவரை மாடு மேய்த்தவன் மறுநாள் ஏர் பிடித்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

காவிரிக்கரையான்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டிலும் அப்பாவுக்குப் பின் மகன் என்றுதான் இருந்தது. அதை நாங்கள் விசுவாசம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆனாலும் என் பாட்டி பொய் சொன்னார் என்று நினைக்க மாட்டேன். பத்தாயம் திறந்ததை அவர் கண்ணால் பார்த்தவர்.

களத்துமேடு:
அவர் பொய் சொன்னதாக நானும் நினைக்கவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அளப்பது தெரிந்திருக்கும். எந்த மரக்காலில் (நெல் அளக்கிற பாத்திரம்) அளந்தார்கள் என்பது வாங்கின கைக்குத்தான் தெரியும். 1940களில் விவசாயிகள் சங்கம் வந்தபோது அடியை நிறுத்து, சாணிப்பாலை நிறுத்து என்பதோடு, முத்திரை போட்ட மரக்காலில் அள என்றும் கேட்டார்கள். அடிபட்டவர்கள் மரக்காலையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள் என்றால் அதில் எவ்வளவு போயிருக்கும்!

காவிரிக்கரையான்:
எங்கள் பழைய வீட்டுப் பரணில் இரண்டு மரக்கால் கிடக்கிறது. ஒன்றில் பித்தளைப் பூண். சின்ன வயதில் அதில் மணல் அளந்து விளையாடியிருக்கிறோம். இரண்டும் ஒரே அளவு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன்.

களத்துமேடு:
மணலில் அளக்காதீர்கள். நெல்லில் அளங்கள், மேலே குவியாமல் தலைதட்டி. எதில் எவ்வளவு பிடித்தது என்று இங்கேயே எழுதுங்கள்.